நாய்க்கும் பூனைக்கும் நாட்டு மருந்தா, மிருக வைத்தியரா? வன்னியில் எதற்கு எதை நாடுவது

துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ வளவுக்குள் நிற்கும் நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றால் வீட்டுக்காரருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. அடுப்படியில் இருக்கும் மஞ்சள், உள்ளி, வேப்பெண்ணெய். ஊர்ப் பரியாரியார், அல்லது சித்த, ஹோமியோபதி வைத்தியர். பிரதேசக் கால்நடை வைத்தியர் அலுவலகம், அல்லது நகரத்தில் இருக்கும் தனியார் கிளினிக். நான்காவதை யாரும் வெளியே சொல்வதில்லை, ஆனால் நிறைய வீடுகளில் நடப்பது அதுதான்: மனிதருக்கு வாங்கி மிச்சமான குளிசை.

இவற்றில் எது நல்லது என்று மொத்தமாகக் கேட்டால் பதில் இல்லை. தோலின் மேல் நிற்கும் பல தொல்லைகளுக்கு நாட்டு மருந்து போதும். இரத்தத்துக்குள்ளும் குடலுக்குள்ளும் போய்விட்ட கிருமிக்கு அது போதாது. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: இந்த நோய் எங்களுக்கு எவ்வளவு நேரம் தரும்? சொறி வாரக்கணக்கில் பொறுக்கும். மூத்திரம் அடைத்த கடுவன் பூனை இரண்டு நாள்கூடப் பொறுக்காது. வன்னியில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. அரச கால்நடை அலுவலகத்தின் பெரும்பங்கு வேலை மாடு, ஆடு, கோழியோடுதான். வைத்தியர் பட்டிகளைப் பார்க்கப் போயிருக்கும் நேரம் உண்டு, ஆகவே போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. ஸ்கான், சத்திரசிகிச்சை என்று பெரிதாக வந்தால் வவுனியா அல்லது யாழ்ப்பாணம், அதற்கும் மேலே பேராதனை மிருக வைத்திய பீடத்தின் ஆசுபத்திரி. வீட்டில் பொறுத்துப் பார்க்கும் நேரத்தோடு இந்தப் பயண நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

எந்த வழி என்று முடிவெடுக்க முன் மூன்றைப் பாருங்கள். முதலாவது உடற்சூடு. சாதாரண டிஜிட்டல் தேர்மோமீற்றரின் நுனியில் தேங்காயெண்ணெய் பூசி, மலவாயிலுக்குள் 2 சென்ரிமீற்றர் அளவு வைத்தால் போதும். நாய்க்கும் பூனைக்கும் ஏறத்தாழ 38 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை இயல்பு. மனிதக் கணக்கில் பார்த்து 38.5 ஐக் காய்ச்சல் என்று நினைக்க வேண்டாம். இரண்டாவது முரசு. விரலால் அழுத்தி விட்டால் வெளிறிய இடம் இரண்டு செக்கனுக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ கபிலமாகவோ இருந்தால் கைமருந்துக்கு அங்கே இடமில்லை. மூன்றாவது, கடைசியாக எப்போது மூத்திரம் பெய்தது என்பது. முக்கியமாகப் பூனையில்.

சொறி

நாட்டு மருந்து நன்றாக வேலை செய்யும் இடம் இது. அதே நேரம் மிகக் கொடுமையான கைமருந்து நடக்கும் இடமும் இதுதான். பழைய எஞ்சின் ஒயிலையும் மண்ணெண்ணெயையும் சொறிநாய்க்குப் பூசுகிறார்கள். ஒயில் சொறிப்பூச்சியை மூச்சடைக்கச் செய்வதால் சில நாளில் கடி குறைந்ததுபோல் தெரியும். ஆனால் அது தோலால் உள்ளே இறங்கும், நாய் நக்குவதால் வயிற்றுக்கும் போகும், ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஏற்கனவே பூசியிருந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தால் இரண்டு மூன்று தடவை கழுவி எடுத்துவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும், பூசியதை மறைக்காமல் சொல்லவும் வேண்டும்.

உண்மையில் பூச்சியைக் கொல்லும் பழைய மருந்து கந்தகம். மேல்நாட்டு மிருக வைத்தியமும் அதை இன்னும் கைவிடவில்லை. நாட்டு மருந்துக் கடையில் சுத்தி செய்த கந்தகத்தை வாங்கி மாவாக அரைத்து, 100 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெய்க்கு 5 முதல் 10 கிராம் வரை கலக்கலாம். குட்டிக்கு 5 கிராமே போதும். கந்தகம் எண்ணெயில் முழுதாகக் கரையாது, அடியில் தங்கிவிடும், ஆகவே ஒவ்வொரு முறையும் போத்தலைக் குலுக்க வேண்டும். மயிரைக் கத்தரித்து, சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டி, பொருக்கு ஊறிக் கழன்றதும் துடைத்துக் காயவிட்டுப் பூசுங்கள். காதோரம், முழங்கை, அடிவயிறு ஆகியவற்றைத் தவறவிடக்கூடாது. சொறிப்பூச்சி முதலில் குடியேறுவது அங்கேதான். ஒரு மணி நேரமாவது நக்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோற்பது மருந்தால் அல்ல, கால அளவால். பூச்சியின் முட்டை பொரித்து வளர்ந்து மறுபடி முட்டையிட ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். ஒரு கிழமையில் சொறிவது நின்றதும் மருந்தை நிறுத்தினால் தப்பிய முட்டைகளிலிருந்து எல்லாம் திரும்பும். கிழமைக்கு ஒருமுறை, குறைந்தது ஆறு கிழமை. வளவில் உள்ள எல்லா நாய்க்கும் ஒரே நாளில். படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவிட வேண்டும். வீட்டில் பிள்ளைகளுக்குக் கையிலும் வயிற்றிலும் கடி தொடங்கினால் நாயின் சொறிதான் ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம்.

ஆனால் எல்லாச் சொறியும் ஒன்றல்ல. குட்டிநாயின் கண்ணைச் சுற்றியும் முன்காலிலும் மயிர் உதிர்ந்து, சொறியாமலே திட்டுத் திட்டாக இருந்தால் அது டெமோடெக்ஸ். அந்தப் பூச்சி மயிர்க்காலின் ஆழத்தில் இருப்பதால் கந்தகப் பூச்சு அதை எட்டாது. ஓரிரு சிறு திட்டு என்றால் பெரும்பாலும் தானே ஆறும். உடம்பு முழுக்கப் பரவினால் வைத்தியர்தான். தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் எது என்று அப்போதே தெரிந்துவிடும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை அளவு தெரியாமல் நாய்க்குப் போடுவதும் எங்கள் பக்கத்தில் உண்டு. 1 சதவீத மருந்தின் ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் இருக்கிறது. அது 50 கிலோ எடையுள்ள கன்றுக்கான அளவு. 10 கிலோ நாய்க்கு அதைப் போட்டால் ஐந்து மடங்கு. நாய் தள்ளாடி, கண் தெரியாமல், மயங்கி விழலாம். கோலி (Collie) என்ற மேய்ச்சல் இன நாய்களும் அவற்றின் கலப்பும் இன்னும் குறைந்த அளவிலேயே விழுந்துவிடும்.

உண்ணியும் உண்ணிக் காய்ச்சலும்

இங்கே இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உண்ணியை வராமல் காப்பது ஒன்று. உண்ணி ஏற்றிவிட்ட காய்ச்சலைத் தீர்ப்பது இன்னொன்று. முதலாவதில் வேம்புக்கு ஓரளவு இடமுண்டு. இரண்டாவதில் இல்லை.

இரண்டு கைப்பிடி வேப்பிலையை 2 லீற்றர் தண்ணீரில் கால்மணி நேரம் கொதிக்கவிட்டு ஆற்றி, குளிப்பாட்டிய பின் உடம்பில் ஊற்றிக் காயவிடலாம். வேப்பெண்ணெய் என்றால் ஒன்பது பங்கு தேங்காயெண்ணெய்க்கு ஒரு பங்கு. தனி வேப்பெண்ணெய் தோலை எரிக்கும். இவை உண்ணியை விரட்ட உதவும், ஒட்டிக்கொண்டதை நம்பகமாகக் கொல்லாது. ஒட்டிக்கொண்டதை இடுக்கியால் தோலோடு சேர்த்துப் பிடித்து நேராக இழுத்து, சவர்க்காரத் தண்ணீர் உள்ள போத்தலில் போடுங்கள். நகத்தால் நசுக்க வேண்டாம். பூனைக்கு வேப்பெண்ணெய் வேண்டவே வேண்டாம். அது நக்கியே தீரும், பிறகு எச்சில் வடித்து நடுங்கும்.

நாயில் தெரியும் உண்ணி மொத்தத்தில் சிறு பங்கு. நாய் உண்ணி ஒவ்வொரு பருவத்திலும் இரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கிடுகுக்கு இடையிலும் கட்டில் காலிலும் ஒளிந்து அடுத்த பருவத்துக்கு மாறும். ஒரு பெட்டை ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயைக் குளிப்பாட்டி நாயின் இடத்தை விட்டுவிட்டால் இரண்டு கிழமையில் பழையபடிதான். சுவர் வெடிப்பை அடைத்து, படுக்கையை மாற்றி, மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். பிப்ரோனில் துளிமருந்து மாதத்துக்கு ஒருமுறை. புளூரலானர் குளிசை ஏறத்தாழ 12 வாரம் நிற்கும். விலை கூடியதுதான். எல்லா நாய்க்கும் வாங்க முடியாத வீட்டில், முன்பு உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கும் பிள்ளைகளோடு புழங்கும் நாய்க்கும் குளிசை, மற்றவற்றுக்குத் துளிமருந்து என்று பிரிப்பது எங்கள் பரிந்துரை. வலிப்பு உள்ள நாய் என்றால் குளிசைக்கு முன் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

காய்ச்சல், சோர்வு, வெளிறிய முரசு, தேயிலைச் சாய நிற மூத்திரம், மூக்கால் இரத்தம் என்று வந்துவிட்டால் அது உண்ணி ஏற்றும் கிருமிகளான எர்லிச்சியாவாகவோ பபேசியாவாகவோ இருக்கலாம். இலங்கை நாய்களில் இரண்டும் உண்டு. எர்லிச்சியாவுக்கு டொக்சிசைக்ளின், ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 10 மில்லிகிராம், 28 நாள். ஐந்தாம் நாள் நாய் எழும்பிச் சாப்பிட்டதும் குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். சில மாதத்தில் எலும்பு மச்சையையே தின்றுகொண்டு அது திரும்பிவரும், அப்போது எந்த மருந்தும் தாமதம்தான். பபேசியா செங்குருதிக் கலத்துக்குள் இருக்கும் ஒட்டுண்ணி. அதற்கு மருந்து வேறு, அதன் இரண்டு வகைக்குள்ளேயே மருந்து மாறும். ஆகவே இரத்தத்துளியைக் கண்ணாடியில் பூசிப் பார்க்காமல் மருந்து தேர்வது இருட்டில் எறிவது. பப்பாசி இலைச்சாறு, நிலவேம்பு கசாயம் போன்றவை கிருமியைக் கொல்வதில்லை. அவற்றைக் குடிக்கவைக்கப் போராடும் நேரத்தில் நாய் சாப்பிடக்கூடியதையும் வாந்தியெடுத்துவிடும்.

புண்

சுத்தமான சிறு புண்ணுக்கு வன்னிக் காட்டுத்தேன் நல்ல மருந்து. தேனின் அடர்த்தி புண்ணிலிருந்து நீரை இழுத்துக் கிருமியை வாடவைக்கும், அழுகலையும் தளர்த்தும். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுப் புண்ணை நன்றாகக் கழுவி, தேன் தடவிய கோஸ் துணியை வைத்துக் கட்டி, நாளுக்கு ஒருமுறை மாற்றலாம். சீனிப்பாகு கலந்த தேனை வைத்தால் பலன் இல்லை, எறும்புதான் வரும். மஞ்சள்தூளைப் புண்ணுக்குள் கொட்டி அப்ப வேண்டாம். மேலே பொருக்குக் கட்டி, கீழே சீழ் பிடிக்கும்.

புழுப்பிடித்த புண்ணில் கற்பூரத்தைப் பொடித்து வைப்பதும் அன்னமுன்னா இலையை அரைத்து அப்புவதும் ஊர் வழக்கம். புழு வெளியே வரும் என்பது உண்மை. ஆனால் ஆழத்தில் உள்ளவை இன்னும் உள்ளே போகும். கற்பூரம் பூனைக்கும் குட்டிக்கும் நஞ்சு, வலிப்பு வரும். அன்னமுன்னா விதை கண்ணில் பட்டால் கண்ணைப் புண்ணாக்கும். மயிரைச் சுற்றிவரக் கத்தரித்து, உப்புத் தண்ணீரைச் சிரிஞ்சால் பீச்சி, இடுக்கியால் எடுக்கக்கூடியதை எடுத்துவிட்டு அதே நாள் வைத்தியரிடம் கொண்டுபோவதே சரி. தலையிலோ காதிலோ மலவாயிலிலோ புழு என்றால் வீட்டில் தொடவே வேண்டாம். குறி சுடுவதை எந்த நோய்க்கும் செய்யாதீர்கள். அது நோயோடு தீக்காயத்தையும் சேர்த்துக் கொடுக்கும், அவ்வளவுதான்.

வயிற்றோட்டமும் குடற்புழுவும்

வளர்ந்த நாய், தடுப்பூசி போட்டது, உற்சாகமாக நிற்கிறது, வாந்தி இல்லை, மலம் மட்டும் இளகிப் போகிறது என்றால் ஒரு நாள் வீட்டில் பார்க்கலாம். குழையக் காய்ச்சிய சோறு, தோல் நீக்கி அவித்த கோழி, கொஞ்சம் அவித்த பூசணி. ஜீவனியைக் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்கவிடலாம்.

ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டி வாந்தியெடுத்து, நாற்றத்தோடு இரத்தமாகப் போனால் பார்வோ வைரஸ் நோய் என்றே எடுத்து அதே மணி நேரத்தில் புறப்படுங்கள். குட்டி சாவது பெரும்பாலும் நீரிழப்பாலும், குடல்சுவர் பழுதாகி இரத்தத்தில் கிருமி ஏறுவதாலும். வாயால் கொடுக்கும் எந்தக் கசாயமும் நிற்காது. சேலைன் ஏற்றினால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே உண்டு, ஏற்றாவிட்டால் பெரும்பாலும் இல்லை. 1978 அளவில் உலகெங்கும் தலைகாட்டிய இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டி இறந்த வளவில் உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவர வேண்டாம். சீமெந்துத் தரையை ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து கழுவி, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை.

தடுப்பூசிக்குப் பதிலாக ஹோமியோபதி நோசோட் (நோய்ப்பொருளையே மிக நீர்த்துச் செய்வது) துளிகளைக் கேட்பவர்கள் உண்டு. பார்வோ நோசோட் கொடுத்த குட்டிகளை வைரசுக்கு உட்படுத்திப் பார்த்த ஆய்வில் அது காக்கவில்லை. பிரித்தானியாவின் அரச மிருக வைத்தியர் கல்லூரியும் 2017 இல், ஹோமியோபதி நிரூபணமான சிகிச்சையின் இடத்தைப் பிடிக்கக்கூடாது என்று அறிவித்தது. எங்கள் நிலைப்பாடும் அதுவே. அந்தத் துளிகள் தம்மளவில் தீங்கு செய்யாமல் போகலாம். அவற்றை நம்பிப் போடாமல் விட்ட ஊசிதான் குட்டியைக் கொல்கிறது.

குடற்புழுவுக்கு ஊரில் பாக்குத்தூள் கொடுப்பார்கள். இதற்கு அடிப்படை இருக்கிறது: பாக்கில் உள்ள அரிக்கோலின் ஒருகாலத்தில் நாடாப்புழுவுக்கு உத்தியோகபூர்வ மருந்து. நியூசிலாந்தில் ஊர் நாய்களுக்கெல்லாம் அதைத்தான் கொடுத்தார்கள். அதைக் கைவிட்டதற்கும் காரணம் உண்டு. புழுவை வெளியேற்றும் அளவுக்கும் நாயைச் சாய்க்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. இப்போதுள்ள பிராசிகுவான்டலும் பைரன்டலும் விலையும் குறைவு, பாதுகாப்பும் அதிகம். குட்டிக்கு இரண்டாம் வாரத்தில் தொடங்கி எட்டாம் வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதத்துக்கு ஒன்று, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒன்று. மலத்தில் சோற்றுப் பருக்கை போலத் தெரிந்தால் அது தெள்ளு பரப்பும் நாடாப்புழு. தெள்ளை ஒழிக்காமல் புழு தீராது. மணல் முற்றத்தில் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடும் வீடுகளுக்கு இது நாயின் பிரச்சினை மட்டுமல்ல. எங்கள் பகுதி நாய்களில் காணும் கொக்கிப்புழுவின் ஒரு வகை மனிதக் குடலிலும் வாழும்.

பூனை

நாய்க்குச் சொன்ன கைமருந்தைப் பூனைக்குச் செய்வதே பல மரணங்களுக்குக் காரணம். பூனையின் ஈரலுக்குப் பல பொருட்களைப் பிரித்து வெளியேற்றும் நொதி குறைவு. ஒரு பனடோல் குளிசை, அதாவது 500 மில்லிகிராம், பூனையைக் கொல்லும். முகம் வீங்கி, முரசு கபிலமாகி, மூச்சு வாங்கும். நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் உண்ணி மருந்தும், தைலங்களும், யூக்கலிப்டஸ் எண்ணெயும் அப்படியே. உள்ளி, வெங்காயம் செங்குருதிக் கலத்தை உடைக்கும். நாய்க்கும் உடைக்கும், பூனைக்கு இன்னும் குறைந்த அளவில். உண்ணியைத் தடுக்கச் சோற்றில் உள்ளி கலப்பதை நிறுத்துங்கள்.

கடுவன் பூனை மண்ணைக் கிண்டிக் கிண்டி இருந்து, முக்கி, ஒரு துளியும் வராமல் கத்தினால் பலர் மலச்சிக்கல் என்று நினைப்பார்கள். மூத்திரக் கடுப்பு என்று புரிந்தவர்கள் நெருஞ்சில் கசாயமோ வாழைத்தண்டுச் சாறோ ஊற்றுவார்கள். மனிதருக்கு மூத்திரத்தைப் பெருக்கும் அதே குணம்தான் இங்கே ஆபத்து. வழி அடைபட்டிருக்கையில் மூத்திரத்தைப் பெருக்கினால் பை இன்னும் விம்மும், சிறுநீரகம் பின்னழுத்தத்தில் நிற்கும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். அடிவயிற்றில் தேசிக்காய் அளவோ அதற்கு மேலோ கெட்டியான உருண்டை தட்டுப்பட்டால் அமுக்க வேண்டாம், வெடிக்கும். பூனையைப் பெட்டிக்குள் வைத்து ஓட்டோவில் ஏறுங்கள். வைத்தியர் குழாய் விட்டுத் திறந்தால் அரை மணி நேரத்தில் ஆறுதல்.

பூனை இரண்டு நாளுக்கு மேல் ஒன்றும் தின்னாமல் இருந்தாலும் காத்திருக்கக்கூடாது. ஈரலில் கொழுப்பு ஏறத் தொடங்கும், கொழுத்த பூனையில் இன்னும் வேகமாக.

விசர், பாம்பு, எலிக்காய்ச்சல்

விசர்நாய்க்கடிக்கு நாட்டு மருந்து கிடையாது. ஊமத்தை சேர்ந்த மருந்து எதையும் நாய்க்கோ மனிதருக்கோ கொடுக்காதீர்கள். நோய்க்குறி தெரிந்த பின் பிழைப்பது மிகமிக அரிது. கடிபட்ட மனிதர் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி நேரே அரச ஆசுபத்திரிக்குப் போக வேண்டும், அங்கே ஊசி இலவசம். காயத்தில் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வைக்கக்கூடாது. வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி. தெருநாய் கடித்த உங்கள் நாய்க்கு முன்பு ஊசி போட்டிருந்தாலும் உடனே மறுபடி வைத்தியரிடம் காட்டுங்கள்.

பாம்பு கடித்த நாய்க்குப் பார்வை பார்த்து மந்திரித்துக்கொண்டிருப்பதும், கட்டிறுக்குவதும், கீறுவதும் நேரத்தைத் தின்னும். நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். நஞ்சுமுறி மருந்து எல்லா இடத்திலும் இருக்காது, ஆகவே எங்கே இருக்கிறது என்று போகும் வழியிலேயே போனில் கேளுங்கள். வயல் காலத்தில் காய்ச்சலும் மஞ்சள் கண்ணும் வந்தால் எலிக்காய்ச்சலை நினையுங்கள். மூத்திரத்தைத் துடைக்கும்போது கையுறை போடுங்கள். மஞ்சட்காமாலை என்று கீழ்க்காய்நெல்லி கொடுத்துக்கொண்டிருந்தால் நாயும் போகும், வீட்டிலும் ஒருவர் படுப்பார்.

கட்டியும் முதுமையும்

தெருவில் சுற்றும் நாய்களின் குறியில் பூக்கோவா போலச் சிவந்து இரத்தம் கசியும் கட்டி வந்தால், அது புணர்ச்சியில் தொற்றும் புற்று. பயங்கரமாகத் தெரிந்தாலும் மருந்துக்கு மிக நன்றாகக் கேட்கும். வின்கிறிஸ்டின் ஊசி கிழமைக்கு ஒன்றாக நான்கு முதல் ஆறு போட்டால் பெரும்பாலும் முழுதாகக் கரையும். அந்த மருந்து எடுக்கப்படுவது எங்கள் முற்றத்துப் பட்டிப்பூச் செடியிலிருந்துதான். அதற்காகப் பட்டிப்பூவை அவித்துக் கொடுக்காதீர்கள். இலையில் வின்கிறிஸ்டின் மிகச் சொற்பம், கூட இருக்கும் மற்ற நஞ்சுகளோ நிறைய. பிரித்தெடுத்து அளந்து நாளத்துக்குள் ஏற்றும்போது மட்டுமே அது மருந்து.

கிழட்டு நாயின் மூட்டு நோவில் மாற்று வைத்தியத்துக்கு நியாயமான இடம் உண்டு. எடையைக் குறைப்பது, சாக்கை மடித்து மெத்தென்ற படுக்கை, காலை மாலை பத்து நிமிட மெதுநடை, வெதுவெதுப்பான ஒத்தடம், கையால் உருவிவிடுதல் எல்லாம் பலன் தருபவை. குத்தூசி மருத்துவமும் சில நாய்களுக்கு நோவைத் தணிக்கும். அதைப் பயின்ற மிருக வைத்தியர் கிடைத்தால் முயன்று பார்க்கலாம், கிடைக்காவிட்டால் பெரிய இழப்பில்லை. நோவுக் குளிசையை மட்டும் மனிதப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். புரூபனும் டைக்குளோபனாக்கும் நாயின் வயிற்றில் புண் போட்டு இரத்தம் கொட்டவைக்கும்.

பரியாரியாரிடமோ சித்த வைத்தியரிடமோ போவதென்றால் மூன்றைக் கேளுங்கள். இது என்ன நோய் என்று நினைக்கிறீர்கள்? மருந்தில் பாதரசமோ பாஷாணமோ சேர்ந்திருக்கிறதா? எத்தனை நாளில் மாற்றம் தெரிய வேண்டும்? மனிதருக்கான அளவை மூன்று கிலோப் பூனைக்குக் குறைத்துத் தருபவரின் மருந்து உள்ளுக்கு வேண்டாம், பூச்சோடு நிறுத்துங்கள். சொன்ன நாளில் மாற்றம் இல்லாவிட்டால் இன்னொரு தவணை கேட்காமல் மிருக வைத்தியரிடம் போங்கள். அங்கே போகும்போது கொடுத்த கசாயத்தின் மிச்சம், குளிசை அட்டை, வாந்தி அல்லது மலத்தின் போன் படம், கடைசியாகச் சாப்பிட்ட, மூத்திரம் பெய்த நேரம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். நாயின் எடை தெரியாவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் தனியே ஒருமுறையும் தராசில் ஏறி, கழித்து எழுதிக்கொள்ளுங்கள். மருந்தின் அளவு முழுதும் அந்த எண்ணில்தான் தொங்குகிறது.